இருபத்திரண்டு கைப்பிடிகள்

வாங்க சார், வாங்க. அட, செருப்பைக் கழட்ட வேண்டியதில்லைங்க, இது ஆபீஸ். கழட்டிட்டீங்களா? சரி, பரவால்லை. தரைல கருப்பா ஒரு கோடு தெரியுதுங்களா, டேப் ஒட்டிருக்கேன் பாருங்க. அதுக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் வீடு. உட்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம்ங்க, அது பார்க்கறதுக்கு மட்டும்தான். உட்கார்ந்தா முன்னாடி சரிச்சு விட்டுரும். இந்த பிளாஸ்டிக் சேர்லயே உட்காருங்க.

சாந்தாமணி மேடம் வரச் சொன்னாங்கன்னு நீங்க வாசல்ல சொன்னதுமே எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. என் சம்சாரம்தான். ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர். காலைல ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பறப்போ, "ஏனுங்க, பத்து மணிக்கு ஒருத்தர் வருவாரு, நான் பதினொண்ணுக்கு வந்துருவேன், உட்கார வைங்க"ன்னு சொன்னா. அதுக்கு மேலயும் ஏதோ சொன்னா. நான் கம்ப்யூட்டர்ல ஒரு சோபாவுக்கு நிழல் விழ வச்சுட்டு இருந்தேன், காதுல ஏறலை. ஸ்டாஃப் ரூம்ல யாராவது வீடு கட்டினா சொல்லு சொல்லுன்னு ஏழு மாசமா அவகிட்ட கேட்டுட்டே இருக்கேன். கடைசில ஒருத்தர அனுப்பிட்டா பாருங்க.

என்னங்க? வேலை விஷயம் மேடம் வந்ததும் பேசிக்கலாம்ங்கறீங்களா? அவளுக்கு என்னங்க தெரியும் இன்டீரியரப் பத்தி! அவ கணக்கு டீச்சர். நீங்க என்கிட்டயே பேசலாம். பையில பிளான் கொண்டாந்திருக்கீங்க போல. இருக்கட்டும், அவசரமில்லை. மொதல்ல என்னைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். நான் பொய் சொல்லி வேலை பிடிக்கற ஆள் இல்லைங்க. என் முட்டாள்தனத்தை எல்லாம் நானே சொல்லிருவேன். வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது பாருங்க.

வெளிப்படையாவே சொல்றேன். நீங்கதான் என்னோட ரெண்டாவது கிளையண்ட்.

சிரிக்கறீங்க. சிரிங்க, நானும் சிரிச்சுட்டுத்தான் இருக்கேன். பதினேழு வருஷம் டைல்ஸ் கடைல சேல்ஸ்மேனா நின்னேன். நீலச் சட்டை, பாக்கெட்ல கடை பேரு. வேலைய விட்டு வரும்போது மொதலாளி, "தாமோதரா, ஆடி முடியற வரைக்கும் உன் எடத்துல ஆள் போடாம வச்சிருக்கேன்"னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. திரும்பி வருவேன்னு எப்படி நெனைக்கலாம் அவரு? அந்தக் கோவத்துல வீட்டுக்கு வந்து சாந்தாமணி கைய பிடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். ஆடி முடியறதுக்குள்ள ரெண்டு வீடு முடிக்கறேன், இல்லைன்னா ஆவணி ஒண்ணாந்தேதி பேசாம கடைக்குப் போயிர்றேன்னு. மொத வீடு தையிலயே முடிஞ்சுது. ரெண்டாவது வீடு இன்னும் வரலை. இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை ஆவணி ஒண்ணு. நீங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. முருகன் கணக்கு எப்படி வேலை செய்யுது பாருங்க.

அந்தக் கதவுல மாட்டிருக்கறது அந்தச் சட்டைதான். நல்லா பார்த்தீங்க. இன்னிக்குக் காலைல இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கா. கிளையண்ட் வர்ற நாள்னு ஞாபகம் வச்சு செஞ்சிருக்கா, பாவம். ஆனா கடை யூனிஃபார்ம போட்டுட்டு டிசைனர் உட்கார முடியுங்களா? இந்தக் கருப்பு டீ-சர்ட்தான் எங்க லைன்ல. வெயிலுக்கு எரியுது, என்ன பண்றது.

இந்த ஆசை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. கடைல டைல்ஸ் எடுக்க வர்றவங்க, "ஏனுங்க, இதுக்கு செவுத்துல என்ன கலர் அடிச்சா எடுக்கும்?"னு கேப்பாங்க. நான் வாய்க்கு வந்தத சொல்லுவேன். "கரெக்டுங்க"ன்னு தலைய ஆட்டுவாங்க. பதினேழு வருஷம் ஊரே தலைய ஆட்டினா எந்த மனுஷனுக்கும் தனக்கு ரசனை இருக்குதுன்னு தோணிரும் இல்லைங்களா? நாப்பது டிசைன் பார்த்துக் கால் கடுத்துப் போயி, சீக்கிரம் வீடு போய்ச் சேரணும்னு அவங்க தலைய ஆட்டிருக்காங்க. அது இப்பத்தான் புரியுது.

அப்பறம் மூணு மாசம் ஒரு கோர்ஸ். ஞாயித்துக்கிழமை மட்டும். கூடப் படிச்சதெல்லாம் சின்னப் பிள்ளைங்க, என்னை அங்கிள்னு கூப்பிடும். சர்ட்டிபிகேட் வந்த அன்னிக்கே விசிட்டிங் கார்டு அடிச்சுட்டேன், ஆயிரம். கருப்பு அட்டைல கருப்பு எழுத்து. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா பேரு தெரியும். ரொம்ப உசந்த டேஸ்ட்டுங்க அது. மொதல்ல வாங்கினவரு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, "இது பிரிண்ட் விழாத கார்டுங்க, வேற குடுங்க"ன்னாரு. மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் பெட்டியோட சமையலறைல அரிசி டிரம் மேல இருக்குது. சாந்தாமணி தினம் அந்தப் பெட்டிய எறக்கி வச்சுட்டுத்தான் அரிசி எடுப்பா. அவளுக்கு ஒரு எக்சர்சைஸ்.

ஆபீஸுக்கு எடம் வேணும் இல்லைங்களா? சாப்பாட்டு மேசைதான் இப்ப என் டிசைன் டேபிள். ஹால்ல இருந்த பீரோவ சமையலறைக்குத் தள்ளிட்டேன். சாந்தாமணி முன்னாடியெல்லாம் இந்த மேசைலதான் பரீட்சைப் பேப்பர் திருத்துவா. இப்ப கட்டில்ல உட்கார்ந்து திருத்தறா. அது அவளுக்கு இன்னும் வசதிங்க, முதுகுக்குத் தலகாணி இருக்குது பாருங்க. ராத்திரி முதுகு வலிக்குதும்பா, அது வயசு.

மொத கிளையண்டுக்கு வர்றேன். குப்புராஜ்னு ஒருத்தர், சரவணம்பட்டிப் பக்கம் வீடு. மோட்டாருக்கு சாமான் செய்யற பட்டறை வச்சிருக்காரு. எங்கிட்ட டைல்ஸ் வாங்கினவரு, அந்தப் பழக்கத்துல குடுத்தாரு. நான் வரைஞ்ச படத்த கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினேன். அப்படியே போட்டோ மாதிரி இருக்கும்ங்க. சோபா, விளக்கு, சோபால ஒரு வெள்ளைக்காரம்மா, கால்மாட்டுல நாயி. அவரு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "எல்லாம் சரிங்க, இந்தம்மா யாரு?"ன்னாரு. சும்மா அழகுக்குன்னேன். "நாயி?" அதுவும் அழகுக்குத்தான்னேன். "எங்க வீட்ல நாயி ஆகாதுங்க"ன்னாரு. இன்னொரு நாள், இந்த மூலைய நெகட்டிவ் ஸ்பேஸா விட்டுருக்கேன்னு சொல்லிட்டேன். சும்மா வெறுமனே விட்ட எடத்துக்கு அப்படித்தான் பேருங்க. அவரு சம்சாரம் தேன்மொழி காதுல விழுந்துருச்சு. "ஏனுங்ண்ணா, புது வீட்டுக்குள்ள நெகட்டிவ்னு எல்லாம் பேசாதீங்ண்ணா"ன்னு சொல்லி மூலைல சூடம் ஏத்தி வச்சுட்டாங்க. பெயிண்ட் கருகிப் போச்சு.

ஆனா சமையலறை! அதுதான் என் பேரு சொல்லும்னு நெனச்சேன். கருப்புக் கண்ணாடி மாதிரி கதவு. ஒரு கதவுலயும் கைப்பிடி கிடையாது. லேசா அமுக்கினா தானாத் தொறக்கும். மொத்தம் இருபத்திரண்டு, கதவும் டிராயருமா. பார்த்தா சமையலறைன்னே தெரியாது. கேஸ் அடுப்பு அசிங்கமா இருக்கும்னு கரண்ட் அடுப்பு போட்டுட்டேன், மேடையோட மேடையா, கருப்புக் கண்ணாடி. இண்டக்ஷன். கேஸ் டியூப் வர்றதுக்கு கொத்தனார் விட்டிருந்த ஓட்டைய நானே முன்ன நின்னு அடைச்சேன்.

தேன்மொழி கேட்டாங்க. இல்லைன்னு சொல்லலை, மூணு தடவ கேட்டாங்க. "ஏனுங்ண்ணா, பால் காய்ச்சறது எதுலிங்ண்ணா?" நான், "அம்மிணி, பட்டன தொட்டா ரெண்டு நிமிஷத்துல பொங்கிரும்"னேன். சாந்தாமணி கூட மொத நாள் கேட்டா, "ஏனுங்க, பித்தளைப் பானையா, மண்பானையா?"ன்னு. எதுவா இருந்தா என்னடி, பால் பால்தானேன்னேன். சிரிச்சேன் வேற.

தை மாசம், காலைல ஆறுலருந்து ஏழரை முகூர்த்தம். தேன்மொழியோட அண்ணன் பல்லடத்துலருந்து சீர் கொண்டு வந்தாரு. தாய்வீட்டு சீர்னா சும்மாவா, பத்துத் தாம்பாளம், நடுவுல புதுப் பித்தளைப் பானை, மஞ்சளும் குங்குமமும் வச்சு. எல்லாரும் சமையலறைல நெருக்கியடிச்சு நிக்கறாங்க. பானைய வச்சு, பால ஊத்தி, நான் முன்னாடி போயி பட்டன தொட்டேன். எல்லாரும் பார்க்கணும்னு விரல நல்லா தூக்கித் தொட்டேன்.

பீப்னு ஒரு சத்தம். அணைஞ்சு போச்சு. மறுபடி தொட்டேன். பீப். அணைஞ்சு போச்சு.

பித்தளை அதுல சூடாகாதுங்க. காந்தம் ஒட்டற பாத்திரம்தான் அதுக்கு ஆகும். கோர்ஸ்ல சொல்லிருப்பாங்க, நான் அன்னிக்கு லீவா இருந்திருப்பேன். தோசைச் சட்டில வேணா காய்ச்சலாம்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்த அண்ணன் மூஞ்சி மாறிப் போச்சு. "எங்க சீருப் பானை இந்த வீட்டுக்கு ஆகலைன்னா பானைய எடுத்துட்டே போயிர்றோம்"னு துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. தேன்மொழி கண்ணு கலங்கிருச்சு. குப்புராஜ் என்னைப் பார்க்கறாரு. மணி ஏழு. வெளில மூணு செங்கல் வச்சு மூட்டலாம்னா, செங்கல எல்லாம் அழகுக்கு வேண்டாம்னு மொத நாள்தான் நானே வண்டி வச்சு அள்ள வச்சிருந்தேன். அந்த நிமிஷம் பூமி பொளந்து உள்ள போயிருந்தாலும் அந்தக் கருப்புக் கதவுகளுக்குள்ள ஒண்ணத் தொறந்துதான் போயிருக்கணும், எது தொறக்கும்னு எனக்கே தெரியாது.

அப்பத்தான் சாந்தாமணி வெளில போனா. ஸ்கூட்டர்ல கால் வைக்கற எடத்துல அஞ்சு கிலோ சிலிண்டர், தலைல அடுப்பு பூட்டினது, அது இருந்துச்சு. தூக்கிட்டு வந்து அந்தக் கண்ணாடி மேலயே வச்சா. லைட்டர் கூட கைப்பைல இருந்துச்சு. ஏழு இருபதுக்குப் பால் பொங்கிக் கிழக்க வழிஞ்சுது. அந்த அண்ணன் கும்பிட்டாரு. எல்லாரும் சாந்தாமணிகிட்ட போயிப் பேசினாங்க.

எப்படி அந்த அடுப்பு வண்டில இருந்துச்சுன்னு நானும் அப்பறம் யோசிச்சேன். ஸ்கூல்ல ஏதாச்சும் விழாவுக்கு எடுத்துட்டுப் போயிருப்பா. என் அதிர்ஷ்டம்ங்க அது. இதுவரைக்கும் நான் அவகிட்ட கேட்டுக்கலை.

ஏங்க, தண்ணி வேணுங்களா? இல்லை, நீங்க அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கறீங்க. இருங்க, கதை முடியப் போகுது. மிச்சத்தையும் சொல்லிர்றேன்.

அப்பறம் தேன்மொழி வாராவாரம் போன். ஈரக்கைல அமுக்கினா கதவு வழுக்குதாம். குழம்பு கிண்டும்போது இடுப்பு பட்டா கீழ இருக்கற டிராயர் தொறந்து வந்து தொடைல முட்டுதாம். ஒரு நாள் தோசை திருப்பறப்போ மூணு டிராயர் ஒண்ணா வந்து சுத்தி வளைச்சுருச்சாம். பழகிக்குங்க அம்மிணி, வெளிநாட்ல எல்லாம் இப்படித்தான்னேன். பங்குனில ஒரு போட்டோ அனுப்பிச்சாங்க பாருங்க, நான் அன்னிக்கு சோறு திங்கலைங்க. நெசமா. இருபத்திரண்டு கதவுலயும் கைப்பிடி! ஸ்டீல்ல, இவ்ளோ பெருசு, பஸ்ல பிடிச்சுட்டு நிக்கற கம்பி மாதிரி. எவனோ ஒரு கார்பெண்டர வரச் சொல்லி ஓட்டை போட்டு மாட்டிருக்காங்க. கருப்பு அக்ரிலிக்ல டிரில்லிங் மிசினு! அந்த ஆள் மட்டும் கைல கிடைச்சா கேப்பேன், ஏன்டா, ரசனைன்னு ஒண்ணு உனக்கு இருக்குதாடான்னு. ஓவியத்து மேல ஆணி அடிச்ச மாதிரி.

என்னங்க இருமறீங்க? தண்ணி கொண்டாரேன்னா வேண்டாங்கறீங்க.

அதுக்கப்பறம் ஒருத்தரும் வரலை. போர்டு மாட்டினேன், ஃபேஸ்புக்ல போட்டேன். குப்புராஜ் வீட்டப் பார்த்துட்டு வந்தவங்க எல்லாம், "அந்த அடுப்பு கொண்டு வந்தாங்களே, அந்த டீச்சரம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு கேக்கறாங்க. ஆடில எவனும் பால் காய்ச்ச மாட்டான், அதனால வேலை வராதுன்னு ஒரு மாசம் மனச தேத்திக்கிட்டேன். அதுக்கு முந்தின ஆறு மாசத்துக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியலை.

நீங்க மறுபடி சமையலறையத்தான் பார்க்கறீங்க. கூச்சமா இருக்குதுங்க. குக்கரு ஃபிரிட்ஜுக்குக் கீழ தரைல, மசால் டப்பா எல்லாம் ஜன்னல்ல, நடுவுல பீரோ. டிசைனர் வீடுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சாந்தாமணி ஒரு அலமாரி கேட்டுட்டே இருக்கா. எப்பலருந்துன்னா, எங்க பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்ததுலருந்து, இப்ப அந்தப் பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. பத்துப் பன்னெண்டு வருஷம். நான் ஒண்ணும் கண்டுக்காம விடலைங்க. மூணு டிசைன் போட்டுக் குடுத்திருக்கேன். இருங்க, லேப்டாப்ல காட்டறேன். பாருங்க, எப்படி வந்திருக்குது! ஆமாங்க, அதே வெள்ளைக்காரம்மாதான். வேற ஆள் அந்த சாஃப்ட்வேர்ல இல்லை. சாந்தாமணி பார்த்துட்டு, "ஏனுங்க, என் சமையலறைல இவ எதுக்கு?"ன்னு கேட்டா. லேப்டாப்ப மூடிட்டுப் பேப்பர் திருத்தப் போயிட்டா. அதுக்கப்பறம் அவ அலமாரி பேச்சே எடுக்கலை. திருப்தி ஆயிட்டான்னு வச்சுக்குங்க.

சரி, என் புராணம் போதும். உங்க பிளான எடுங்க. எந்த ஏரியா? எத்தனை பெட்ரூம்?

இதென்னங்க, டேப்பு?

பென்சில் வேற காதுல... நான் கவனிக்கவே இல்லை. இது என்ன பேப்பரு? பத்தாவது கணக்கு, அரையாண்டுக் கொஸ்டின் பேப்பர். பின்னாடி பக்கமா?

இது சாந்தாமணி கையெழுத்து.

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. மேடம் உங்கள வரச் சொன்னது... எங்க சமையலறைக்கா? அளவெடுக்கவா?

சார்... நீங்க கார்பெண்டரா?

உங்க பேர் கூட நான் கேக்கலை பாருங்க. முக்கா மணி நேரமா நானே பேசிட்டு இருக்கேன். சென்னியப்பனா? சரிங்ண்ணா. சாந்தாமணிக்கு உங்கள யாருங்ண்ணா சொன்னது?

தேன்மொழியா.

அப்ப அந்த இருபத்திரண்டு கைப்பிடி...

சிரிச்சுக்குங்ண்ணா. நல்லா சிரிங்க. இருமலா அது! உங்கள வச்சுட்டே நான்... ரசனை இருக்குதாடான்னு... மன்னிச்சுக்குங்க. தேன்மொழி இப்ப நல்லா சமைக்கறாங்களா? டிராயர் முட்டறதில்லையா? ம். சந்தோசம்ங்ண்ணா. நெசமாத்தான் சொல்றேன்.

அந்தப் பேப்பரக் குடுங்க, பார்க்கறேன்.

ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கா. மேல் தட்டு நாலடி மூணு அங்குலம், "என் தோள் உயரம்"னு எழுதிருக்கா. எனக்கு அவ தோள் உயரம் தெரியாதுங்ண்ணா, வெள்ளைக்காரம்மாவுக்கு அளந்துட்டு இருந்திருக்கேன். மசால் டப்பா ஒம்போது, ஒவ்வொண்ணுக்கும் வட்டம், அதுக்குள்ள பேரு. குக்கருக்கு கீழ் தட்டு, "குனிஞ்சு எடுக்கற மாதிரி வேண்டாம்". கிரைண்டர். எண்ணெய்த் தூக்கு. இது என்ன, ஓரத்துல மடக்கற பலகை, ரெண்டடிக்கு ஒண்ணரை. "பேப்பர் திருத்த." ஸ்டூல் வைக்க எடம் வேற விட்டிருக்கா. முதுகு வலிக்குதுன்னா. நான் வயசுன்னேன்.

ஒரு சென்டிமீட்டர் வீணாக்கலைங்ண்ணா. நான் கோர்ஸ் படிச்சவன் சொல்றேன்.

பலகைக்கு மேல இது என்ன, சின்னக் கட்டம்... கண்ணாடி எங்க வச்சேன்... நீங்களே படிங்க.

"அவர் கார்டுப் பெட்டி."

அதுக்கும் எடம் விட்டிருக்கா.

ஒண்ணும் இல்லைங்ண்ணா. டீ-சர்ட்டு எரியுது, அதான் கண்ணுல வேர்வை. ரெண்டாவது கிளையண்டுக்கு ஏழு மாசமா ரோட்டப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அவ பன்னெண்டு வருஷமா வீட்டுக்குள்ளயே நின்னுட்டு இருந்திருக்கா. இப்ப அவளும் வேற ஆளப் பார்த்துட்டா. நல்ல ஆளாத்தான் பார்த்திருக்கா.

அந்தச் சட்டை திங்கக்கிழமைக்குங்ண்ணா. உங்களுக்கு மொதல்லயே புரிஞ்சுருச்சு இல்லை? எனக்கு இப்பத்தான்.

எந்திரிங்க, மணி பத்தே முக்கால். அந்த டேப்போட ஒரு முனைய இப்படிக் குடுங்க, செவுத்துல நான் பிடிச்சுக்கறேன். அவ வர்றதுக்குள்ள அளந்து முடிச்சுருவோம். கோட்டத் தாண்டி வாங்க, அது சும்மா ஒட்டினது, டேப்தான். இந்தப் பீரோவ மொதல்ல ஹாலுக்குத் தள்ளணும், ஒரு கை பிடிங்க. மேசையவும் அவளுக்குக் குடுத்துரலாம்.

கைப்பிடியா? வைங்ண்ணா. எல்லாக் கதவுக்கும் வைங்க. பஸ்ல இருக்கற மாதிரி, இவ்ளோ பெருசா.